குதிரைக்குக் கொடுத்த மருந்து. பலம் அடைந்தது புழு!

குதிரை பலம் உள்ள மிருகம். மோட்டார் எந்திரத்தின் சக்தியைக்கூட "இத்தனை குதிரைச் சக்தி" என்று குதிரையின் பெயரால்தான் அளக்கிறார்கள்.

அப்படிப்பட்ட குதிரையை, ஓர் அங்குல நீளம்கூட இல்லாத புழு கீழே சாய்த்துவிடுகிறது!

அது கொட்டுவதில்லை, கடித்து ஓடுவதில்லை. குதிரையின் குடலுக்குள் குடியிருந்துகொண்டே காரியத்தை முடித்துவிடுகிறது.

இந்தப் புழுக்களைக் கொல்ல நல்ல நல்ல மருந்துகள் வந்தன. மருந்து வந்ததும் குதிரைக்காரர்கள் என்ன செய்தார்கள்?

காலண்டரைப் பார்த்தார்கள்!

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எல்லாக் குதிரைகளுக்கும் மருந்து கொடுத்தார்கள். எந்தக் குதிரைக்குப் புழு இருக்கிறது, எதற்கு இல்லை என்று சோதித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

பல நாடுகளில் பல ஆண்டுகள் இப்படி நடந்தது. பலன் என்ன? மருந்து தோற்றுக்கொண்டு வருகிறது. புழு ஜெயித்துக்கொண்டு வருகிறது.

தேதி பார்த்து மருந்து கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். குதிரையின் லத்தியைச் சோதித்துப் பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். இதைச் சட்டமாகவே ஆக்கினாலும் தப்பு இல்லை.

ஏன் என்பதைப் பார்ப்போம்.

புல்லில் ஏறி வரும் புழு

புழு குதிரையின் வயிற்றுக்குள் எப்படிப் போகிறது?

குடலில் இருக்கும் பெண் புழு முட்டை இடுகிறது. அந்த முட்டை லத்தியோடு வெளியே வருகிறது.

ஒரு பெரிய குதிரை ஒரு நாளைக்கு 15 கிலோவுக்கு மேல் லத்தி போடும். ஒரு கிராம் லத்தியில் 500 முட்டை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 15 கிலோவில் எத்தனை முட்டை?

75 லட்சம்!

ஒரே குதிரை. ஒரே நாள். 75 லட்சம் முட்டை.

சூடும் ஈரமும் இருந்தால் முட்டை பொரிக்கும். குஞ்சுப் புழு லத்தியிலேயே வளரும். மழை பெய்தாலும், பனி விழுந்தாலும், அந்த ஈரத்தில் நெளிந்து நெளிந்து புல்லின்மேல் ஏறும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. குதிரை வந்து மேயும். புல்லோடு புழுவும் வயிற்றுக்குள் போய்விடும்.

வெயில் கொளுத்தும் காய்ந்த நிலத்தில் இந்தக் குஞ்சுப் புழு சீக்கிரம் செத்துப்போகும். குளிர்ந்த நாடுகளில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்.

குதிரைக்கு இயற்கையாகவே ஒரு புத்தி உண்டு. தன் லத்தி கிடக்கும் இடத்தில் அது மேயாது. கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் மேயும்.

பரந்த வெளியில் கூட்டம் கூட்டமாகத் திரிந்த காலத்தில் இந்தப் புத்தியே அதைக் காப்பாற்றியது. வேலி போட்ட சின்ன நிலத்தில் பல குதிரைகளை அடைத்து வைத்தால், தள்ளிப் போய் மேய இடம் ஏது? மனிதன் போட்ட வேலிதான் புழுவுக்கு வசதி செய்து கொடுத்தது.

மூன்று பகைவர்கள்

குதிரையின் வயிற்றில் பல வகைப் புழுக்கள் உண்டு. அவற்றில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் பகைவன், பெரிய ரத்தப் புழு.

இதன் குஞ்சு குடலிலே சும்மா இருக்காது. குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு ரத்தக் குழாய்க்குள் புகுந்துவிடும். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயில் போய்ப் பல மாதம் தங்கும். அங்கே குழாய் வீங்கும், ரத்தம் கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டி உடைந்து போய்ச் சிறு குழாயை அடைத்துவிட்டால், குடலின் ஒரு பகுதிக்கு ரத்தம் கிடைக்காது. அந்தப் பகுதி செத்துவிடும்.

குதிரை வலி தாங்காமல் தரையில் விழுந்து புரளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதன் உடல் அமைப்பு அப்படி. குதிரைக்கு வயிற்று வலி என்றால் குதிரைக்காரர்கள் நடுங்குவது இதனால்தான்.

இரண்டாவது பகைவன், சின்ன ரத்தப் புழு.

பெயர்தான் சின்னது. இதில் சுமார் 50 இனங்கள் இருக்கின்றன. இதன் குஞ்சு, பெருங்குடலின் சுவருக்குள் போய்க் கூடு கட்டிக்கொண்டு தூங்கும். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. இரண்டு வருடம்கூடத் தூங்கும்! பல மருந்துகள் அந்தக் கூட்டுக்குள் போய்ச் சேருவது இல்லை.

லட்சக்கணக்கில் தூங்கும் இந்தப் புழுக்கள் திடீரென்று ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டால்? குடல் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். குதிரைக்குப் பேதி கண்டுவிடும். உடம்பு எலும்பும் தோலுமாக ஆகிவிடும். குளிர் நாடுகளில் குளிர்காலம் முடியும் சமயத்தில் இது அதிகம். இளம் குதிரைகளைத்தான் பெரும்பாலும் தாக்கும். நல்ல சிகிச்சை கொடுத்தும், இந்த நோய் கண்ட குதிரைகளில் பாதி வரை இறந்துபோவது உண்டு.

மூன்றாவது பகைவன், குட்டிகளைத் தாக்கும் நாக்குப்பூச்சி.

மனிதக் குழந்தைகளின் வயிற்றில் வரும் நாக்குப்பூச்சிக்கு இது உறவு. வெள்ளையாக, உருண்டையாக, ஓர் அடிக்கு மேல் நீளமாக வளரும். இதன் முட்டைக்குத் தடித்த ஓடு உண்டு. மண்ணில் பல ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். போன வருடக் குட்டி போட்டுவிட்டுப் போன முட்டை, இந்த வருடக் குட்டியின் வயிற்றுக்குள் போகும்.

இந்தப் புழுக்கள் ஏராளமாகச் சேர்ந்துவிட்டால், குட்டியின் சிறுகுடலை அடைத்துக்கொள்ளும். குடல் வெடித்துக் குட்டி இறப்பதும் உண்டு. குட்டிக்கு ஒரு வயது ஆகும்போது, உடம்பிலேயே எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது. அதன் பிறகு இந்தப் புழு அதிகம் அண்டாது.

இவ்வளவு கொடுமை செய்யும் புழுவுக்குக் குதிரைக்காரர்கள் பயந்ததில் ஆச்சரியம் இல்லை. மருந்து கையில் கிடைத்ததும் அள்ளிக் கொடுத்ததிலும் ஆச்சரியம் இல்லை.

1966-ல் சொன்ன யோசனை

அமெரிக்காவில் கென்டக்கி என்று ஒரு மாநிலம். பந்தயக் குதிரை வளர்ப்பதில் உலகப் புகழ் பெற்ற இடம். பச்சைப் புல்வெளிகள், அவற்றில் லட்சம் லட்சமாக விலை போகும் குதிரைகள்.

அங்கே உள்ள பல்கலைக்கழகத்தில் ட்ரட்ஜ், லயன்ஸ் என்று இரண்டு விஞ்ஞானிகள். இருவரும் குதிரைப் புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள். 1966-ம் ஆண்டில் அவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்.

"எல்லாக் குதிரைகளுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மருந்து கொடுங்கள். புழு முட்டையிட அவகாசமே கொடுக்காதீர்கள்" என்பது அந்த யோசனையின் சாரம்.

அப்போது தயாபெண்டசோல் என்ற நல்ல மருந்து வந்திருந்தது. யோசனை பலித்தது. பெரிய ரத்தப் புழு முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிட ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மருந்து விழுந்தால், அது எப்படித் தலை எடுக்கும்? நன்றாகக் கவனிக்கப்பட்ட பண்ணைகளில் அந்தப் புழு மறைந்தே போனது. எத்தனையோ குதிரைகள் பிழைத்தன.

அந்த விஞ்ஞானிகளைக் குறை சொல்ல இடம் இல்லை. அன்றைக்கு இருந்த ஆபத்துக்கு அது சரியான வைத்தியம்.

தப்பு எங்கே நடந்தது? ஆபத்து போன பிறகும் வைத்தியத்தை நிறுத்தவில்லை!

ஆரம்பத்தில் டாக்டர் வந்து குதிரையின் மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்தை வயிற்றுக்குள் ஊற்றுவார். பின்னால் பசை மருந்து வந்தது. குழலை வாயில் வைத்து அழுத்தினால் போதும். டாக்டர் வேண்டாம், குழாய் வேண்டாம். கடையில் வாங்கி, குதிரைக்காரரே கொடுத்துவிடலாம்.

வசதி வந்தது. கணக்கு போனது. பெரிய பந்தயப் பண்ணைக்குச் சொன்ன யோசனையை, வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு கிழக் குதிரை வைத்திருந்தவரும் பின்பற்றினார்!

ஜப்பான் மண்ணில் கிடைத்த அதிசயம்

1981-ம் ஆண்டில் இன்னொரு மருந்து விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் ஐவர்மெக்டின்.

அதன் பிறப்பே ஓர் அதிசயம். சதோஷி ஓமுரா என்பவர் ஜப்பான் நாட்டு விஞ்ஞானி. பல இடங்களுக்குப் போய் மண் எடுத்து வந்து, அதில் உள்ள கிருமிகளை ஆராய்வது அவர் வேலை. ஒரு சமயம் கவானா என்ற ஊரில், கோல்ப் மைதானத்தின் பக்கத்தில் மண் எடுத்தார். அந்த மண்ணில் இருந்த கிருமி, புழுவைக் கொல்லும் பொருளை உண்டாக்குவது தெரியவந்தது. அமெரிக்காவில் மெர்க் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் காம்பெல் குழுவினர் அதை மருந்தாக ஆக்கினார்கள்.

500 கிலோ எடை உள்ள குதிரைக்கு எவ்வளவு மருந்து வேண்டும் தெரியுமா? ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு!

இந்த மருந்தால் குதிரை மட்டும் பிழைக்கவில்லை. ஆப்பிரிக்காவில் ஆற்றங்கரை ஈ கடிப்பதால் வரும் ஒரு புழு நோய், மனிதர்களின் கண்ணைக் குருடாக்கி வந்தது. குதிரையின் தோலில் இருக்கும் அதே வகைப் புழுவின் குஞ்சுகளை ஐவர்மெக்டின் கொல்வதைக் காம்பெல் கவனித்தார். "மனிதனுக்கும் இது உதவுமே" என்ற எண்ணம் பிறந்தது. உதவியது. 1987-ம் ஆண்டில், அந்த நோய்க்கு மருந்தை இலவசமாகவே கொடுப்பதாக மெர்க் கம்பெனி அறிவித்தது. ஓமுராவும் காம்பெல்லும் 2015-ம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இப்படிப்பட்ட அமிர்தத்தைத்தான் குதிரைக்காரர்கள் கணக்கு இல்லாமல் கொட்டினார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா? இங்கே அமிர்தம் நஞ்சு ஆகவில்லை; அதைவிட மோசம். வெறும் தண்ணீராக ஆகிக்கொண்டு வருகிறது!

புழு பிழைத்தது எப்படி?

மருந்து பழகிப்போனதால் புழு சாகவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. மருந்தைக் குடித்துக் குடித்து எந்தப் புழுவும் பழகுவது கிடையாது.

லட்சம் புழுக்கள் இருந்தால், எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஏதோ சில புழுக்கள் பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் சக்தியோடு இருக்கும். மருந்து கொடுத்ததும் மற்றவை சாகும். இந்தச் சில புழுக்கள் மட்டும் தங்கும். அடுத்த தலைமுறைக்கு முட்டை இடுவது யார்? இவைதான்!

இரண்டு மாதம் கழித்து மறுபடி மருந்து. மறுபடி சாதாரணப் புழு சாகும். முரட்டுப் புழு தங்கும். இப்படியே போனால், கடைசியில் வயிறு முழுவதும் முரட்டுப் புழுவாகவே இருக்கும்.

வயலில் ஒரே பூச்சி மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த விவசாயிக்கு இந்தக் கதை புதிது அல்ல.

குதிரைக்கு என்ன எடை என்று பார்க்காமல், கண்மதிப்பாகக் குறைத்து மருந்து கொடுத்தாலும் இதே ஆபத்துதான். அரைகுறை மருந்தில் அரைகுறை முரடனும் பிழைத்துக்கொள்வான்.

இது பயமுறுத்துவதற்காகச் சொல்லும் கதை அல்ல. சின்ன ரத்தப் புழுவைத் தயாபெண்டசோல் கொல்ல முடியாத நிலைமை 1960-களிலேயே கென்டக்கியில் தென்பட்டுவிட்டது. பிறகு வந்த பைரான்டெல் என்ற மருந்தும் பல இடங்களில் தோற்றது.

குட்டிகளின் நாக்குப்பூச்சி ஐவர்மெக்டினுக்கு அடங்கவில்லை என்ற செய்தி 2002-ம் ஆண்டில் ஹாலந்து நாட்டிலிருந்து வந்தது. பிறகு பல நாடுகளிலிருந்தும் அதே செய்தி!

ஆரம்ப காலத்தில் ஐவர்மெக்டின் கொடுத்தால், லத்தியில் மறுபடி முட்டை தென்பட எட்டு வாரத்துக்கு மேல் ஆகும். இப்போது பல பண்ணைகளில் ஐந்து வாரத்திலேயே முட்டை தலை காட்டுகிறது.

2020-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு இளம் பந்தயக் குதிரைகளை இறக்குமதி செய்தார்கள். அவற்றின் வயிற்றில் இருந்த சின்ன ரத்தப் புழுக்களுக்கு ஐவர்மெக்டின் குடும்பத்து மருந்து சரியாக வேலை செய்யவில்லை. குதிரை கடல் கடந்து வந்தது. முரட்டுப் புழுவும் கூடவே வந்துவிட்டது!

குதிரையின் உருண்டைப் புழுக்களுக்கு மொத்தத்தில் மூன்று குடும்ப மருந்துகள்தான் இருக்கின்றன. அவற்றில் கடைசியாக வந்தது ஐவர்மெக்டின் குடும்பம். அது வந்து 40 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. நான்காவது குடும்பம் இன்னும் வரவில்லை.

இருப்பதையும் வீணாக்கிவிட்டால், பிறகு குதிரைக்கு எதைக் கொடுப்பது?

லத்தி சொல்லும் உண்மை

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

லத்தியைப் பார்க்க வேண்டும்!

புதிதாக விழுந்த லத்தியில் சில கிராம் எடுத்து உப்புக் கரைசலில் அல்லது சர்க்கரைக் கரைசலில் கலக்குவார்கள். முட்டை மேலே மிதக்கும். அதைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்து எண்ணுவார்கள். ஒரு கிராமுக்கு இத்தனை முட்டை என்று கணக்குச் சொல்லிவிடுவார்கள். குதிரைக்கு வலி இல்லை, ஊசி இல்லை.

கிராமுக்கு 200 முட்டைக்குக் குறைவாக இருந்தால், அந்தப் பெரிய குதிரை குறைவாக முட்டை போடுகிறது என்று அர்த்தம். 500-க்கு மேல் இருந்தால், அது நிலத்தைக் கெடுக்கும் குதிரை.

இப்படி எண்ணிப் பார்த்ததில் ஒரு வேடிக்கை தெரியவந்தது. வளர்ந்த குதிரைகளில் ஐந்தில் ஒன்றுதான் ஏராளமாக முட்டை போடுகிறது. நிலத்தில் விழும் முட்டைகளில் சுமார் 80 சதவிகிதம் அந்த ஒரு பங்குக் குதிரைகளுடையது. மற்றக் குதிரைகளின் உடம்பே புழுவை அடக்கி வைத்துவிடுகிறது.

பத்துக் குதிரைகள் இருந்தால், அடிக்கடி மருந்து தேவைப்படுவது இரண்டு குதிரைகளுக்குத்தான். மற்ற எட்டுக்கும் அடிக்கடி கொடுத்தது வீண். வீண் மட்டும் அல்ல, கெடுதலும்கூட. அந்த எட்டுக் குதிரைகளின் வயிற்றில் மருந்து படாமல் இருக்கும் சாதாரணப் புழுக்கள் வெளியே வந்து முரட்டுப் புழுக்களோடு கலக்கும். அதனால் முரட்டு இனம் பெருகுவது தாமதமாகும். கொஞ்சம் புழுவை உயிரோடு விட்டுவைப்பதே மருந்தைக் காப்பாற்றும் வழி!

மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து, மறுபடி ஒரு தடவை லத்தியைச் சோதிக்க வேண்டும். முட்டை அடியோடு குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. குறையவில்லை என்றால், அந்த மருந்து அந்தப் பண்ணையில் செத்துவிட்டது. செத்த மருந்தை வருடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் ஏராளம்.

டென்மார்க் காட்டிய வழி

டென்மார்க் சின்ன நாடு. ஆனால் இந்த விஷயத்தில் பெரிய நாடுகளை முந்திக்கொண்டது. 1999-ம் ஆண்டில் சட்டம் வந்தது. கால்நடை டாக்டரின் சீட்டு இல்லாமல் புழு மருந்து வாங்க முடியாது. புழு இருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் டாக்டர் சீட்டு எழுத வேண்டும். தேதி பார்த்து எல்லாக் குதிரைகளுக்கும் கொடுப்பதற்குத் தடை! பிறகு வேறு சில ஐரோப்பிய நாடுகளும் டாக்டர் சீட்டைக் கட்டாயமாக்கின.

"சட்டம் போட்டதால் என்ன நடந்தது? பழைய பகைவன் திரும்பி வந்துவிட்டானே!" என்று எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. முட்டை எண்ணிக்கையை மட்டும் நம்பி மருந்து கொடுத்த டென்மார்க் பண்ணைகளில், பெரிய ரத்தப் புழு அதிகமாகத் தென்பட்டதாக 2012-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தெரிவித்தது. ரத்தக் குழாயில் இருக்கும் குஞ்சுப் புழு முட்டை இடாது. அதனால் லத்திச் சோதனையில் அது அகப்படாது. தவிரவும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெரிய ரத்தப் புழுவின் முட்டையும் சின்னதன் முட்டையும் ஒன்றுபோலவே இருக்கும்.

இதற்காகப் பழைய வழிக்கே போய்விட வேண்டுமா? வேண்டாம். நடு வழி இருக்கிறது.

அமெரிக்கக் குதிரை டாக்டர்கள் சங்கம் 2013-ம் ஆண்டில் அந்த நடு வழியைச் சொன்னது. பெரிய குதிரைகளுக்கு வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை எல்லாவற்றுக்கும் மருந்து. பெரிய ரத்தப் புழுவை அடக்க அது போதும். அதற்கு மேல், அதிகமாக முட்டை போடும் குதிரைகளுக்கு மட்டும் மருந்து. குட்டிகளுக்குத் தனிக் கணக்கு.

வருடத்துக்கு ஆறு தடவை எங்கே? ஒன்றிரண்டு தடவை எங்கே?

யோசனை சொன்ன நாட்டிலேயே இதைச் சட்டமாக்கவில்லை என்பதுதான் வருத்தம். அமெரிக்காவில் குதிரைப் பசை மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். 2021-ம் ஆண்டில் கொரோனா சமயத்தில், மனிதர்களே அதை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார்கள். சாப்பிடாதீர்கள் என்று அரசாங்கம் எச்சரிக்கை செய்ய வேண்டியதாயிற்று. வீரியமான மருந்தை மிட்டாய்போல் விற்றால் இப்படித்தான் ஆகும்.

"டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத சின்னக் குதிரைக்காரன் என்ன செய்வான்?" என்றும் கேட்கலாம். நல்ல கேள்வி. சட்டம் போடும் அரசாங்கம், லத்திச் சோதனைக்கும் வழி செய்து கொடுக்க வேண்டும். கால்நடை ஆஸ்பத்திரிகளில் குறைந்த செலவில் முட்டை எண்ணிக் கொடுக்க வேண்டும். வீண் மருந்துக்குக் கொடுக்கும் காசைச் சோதனைக்குக் கொடுக்கச் சொன்னால், குதிரைக்காரன் மறுக்க மாட்டான். பூட்டை மட்டும் போட்டுவிட்டுச் சாவியைக் கொடுக்காவிட்டால், கள்ள மருந்துதான் வரும்.

மண்வெட்டியும் மருந்துதான்!

எந்தப் புழுவும் எதிர்த்து நிற்க முடியாத மருந்து ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மண்வெட்டி.

மேய்ச்சல் நிலத்தில் கிடக்கும் லத்தியை வாரம் இரண்டு தடவை அள்ளிவிட்டால், புல்லில் ஏறப் புழு ஏது? வேலை கஷ்டமானதுதான். ஆனால் மருந்து தோற்கும் இடத்திலும் இது தோற்காது.

அள்ளிய லத்தியைக் குவித்து நன்றாக மக்க வைக்க வேண்டும். குப்பையில் உண்டாகும் சூட்டிலேயே முட்டையும் குஞ்சும் சாகும். அதன் பிறகு அது நல்ல உரம். மக்காத லத்தியை நிலத்தில் பரப்பினால் புழுவை விதைத்தது போல் ஆகும்.

குதிரை மேய்ந்த நிலத்தில் மாட்டையும் ஆட்டையும் மாற்றி மேய விடலாம். குதிரைப் புழுவுக்கு மாட்டின் வயிறு பிடிக்காது. மாடு புல்லோடு அதைத் தின்றால் அது செத்துப்போகும். மாட்டுக்குக் கெடுதல் இல்லை.

புதிதாக ஒரு குதிரையை வாங்கினால், உடனே மற்றக் குதிரைகளோடு விடக்கூடாது. தனியே கட்ட வேண்டும். சோதித்து, மருந்து கொடுத்து, மருந்து வேலை செய்ததா என்று மறுபடி சோதித்த பிறகுதான் மேய்ச்சலுக்கு விட வேண்டும். அயர்லாந்துக் குதிரைகளின் கதை சொல்லும் பாடம் இதுதான்.

குழந்தைகளுக்கு எப்படி?

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம்.

"பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எல்லோருக்கும் ஒரே நாளில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே! அது தப்பா?"

தப்பு இல்லை. தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இந்தியாவில் 2015-ம் ஆண்டிலிருந்து தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். அது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் காரியம் அல்ல. எந்த ஊரில் எத்தனை பிள்ளைகளுக்குப் புழு இருக்கிறது என்று சோதித்துப் பார்த்து, அதற்கு ஏற்றபடி வருடத்துக்கு ஒரு தடவையா, இரண்டு தடவையா என்று முடிவு செய்கிறார்கள். குதிரைக்காரர்கள் செய்யத் தவறியது அதைத்தான்.

ஆனால் ஒன்று: அல்பெண்டசோல், குதிரைக்குக் கொடுத்த தயாபெண்டசோல் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குதிரைக்கு ஏற்பட்ட கதி மனிதனுக்கு வராமல் இருக்க வேண்டும். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாளில் மட்டும் மாத்திரை போட வேண்டும். கழிப்பிடம், செருப்பு, சோப்பு, கை கழுவுதல் இவற்றைக் கைவிடக்கூடாது. நிலத்துக்கு மண்வெட்டி எப்படியோ, வீட்டுக்குச் சோப்பு அப்படி.

யார் செய்ய வேண்டும்?

குதிரை வாய் இல்லாத ஜீவன். வயிற்றில் புழு இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. கொடுத்த மருந்து வேலை செய்யவில்லை என்றும் சொல்லத் தெரியாது. அது சொல்ல நினைப்பதை எல்லாம் லத்தி சொல்லிவிடுகிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

குதிரை வளர்க்கும் நாடுகள் எல்லாம் டென்மார்க்கைப்போல் சட்டம் செய்ய வேண்டும். டென்மார்க்கில் தென்பட்ட ஓட்டையையும் அடைத்துச் செய்ய வேண்டும். சோதனை இல்லாமல் மருந்து இல்லை என்று டாக்டர்கள் உறுதியாக நிற்க வேண்டும். குதிரைக்காரர்கள் காலண்டரைச் சுவரிலேயே விட்டுவிட்டு, மண்வெட்டியைக் கையில் எடுக்க வேண்டும்.

புதிய மருந்து வரும் என்று காத்திருந்தால், அதுவரை புழு காத்திருக்காது. இன்று பிறக்கும் குதிரைக் குட்டி, இன்னும் 25 வருடம் உயிரோடு இருக்கக்கூடியது. அதற்குக் கிழ வயதில் வயிற்று வலி வரும்போது, கொடுப்பதற்கு வேலை செய்யும் மருந்து ஒன்றாவது மிச்சம் இருக்க வேண்டும்!